புளி போட்டு விளக்கிய சங்கிலி

"பஸ்ஸே எட்டிப் பாக்காத ஊருலருந்து வாரேங்குற. ஒரு ஓட்ட வண்டிய நம்பி நான் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா தாயி?"

வேலை கேட்டுப் போன அன்று தாளாளர் என்னிடம் கேட்ட கேள்வி. சிக்கல் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளி அது. என் பி.எஸ்ஸி. கணிதச் சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற என் வண்டியைத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பார்க்கும்படியான வண்டிதான். சைக்கிளைப் போலப் பெடல் உண்டு, நடுவில் ஒரு குட்டி எஞ்சினும் பெட்ரோல் டேங்கும் உண்டு. அப்பா, எங்கள் வாயில் அய்யா, இரண்டு கிடாய்களை விற்று, ரோடு போட வந்த ஒரு மேஸ்திரியிடம் எனக்காக வாங்கியது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது என்பது வாங்கும்போது எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர் டீக்கடைப் பையன்கள் அதற்குத் 'தையல் மிஷின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் கடந்து போகும்போது, "டீச்சர், ஒரு சட்டை தைக்கணும்" என்பார்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"காலைப் பிரார்த்தனைக்கு நீ வந்து நிக்கணும். அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேன். வண்டி நின்னுபோச்சு, மழை வந்துருச்சுன்னு கதை சொன்னா, உள்ளூர்லயே ஒரு பையன் படிச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் தாளாளர்.

"வந்துருவேன் சார்" என்றேன்.

சொன்னது சின்னச் சொல்தான். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அது எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. படிக்கவைத்து என்ன கண்டாய் என்று அய்யாவைக் கேட்ட ஒவ்வொரு வாய்க்கும் இந்த வேலைதான் பதில். அதைப் பிடித்துக்கொள்ள நான் தினமும் பதினைந்து கிலோமீட்டர் போயாக வேண்டும். பஸ் பிடிக்க வேண்டுமானால் காட்டு வழியே மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். அந்தப் பஸ் சிக்கல் போய்ச் சேரும்போது முதல் பாடமே முடிந்திருக்கும். சிக்கலில் அறை எடுத்துத் தங்கலாமே என்றால், கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனியாக யாரும் வீடு தர மாட்டார்கள். தந்தாலும் அய்யா விட மாட்டார். ஆக, அந்த வண்டிதான்.

ஆயுத பூசை வரை அது என்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

பூசை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கண்மாய்க் கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் 'சடக்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தேன். எஞ்சினையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் சங்கிலி, அடிபட்ட சாரைப் பாம்பு மாதிரி வழியில் கிடந்தது. பெடலுக்குத் தனிச் சங்கிலி என்பதால் மிதித்துக்கொண்டு போகலாம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். அந்தக் கனத்தை மிதிப்பதற்குச் செக்கிழுக்கலாம். நான் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் வராந்தாவில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சங்கிலியைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். எண்ணெய்ப் பசையே இல்லை. செம்மண்ணில் புரட்டியெடுத்தது போலத் துரு. கண்ணிகள் மடங்க மறுத்தன.

"அம்மா, இந்தச் சங்கிலிய என்ன செஞ்ச?"

"என்ன செஞ்சேன்? பூசைக்கு வெளக்குனேன்."

"எதப் போட்டு?"

"புளியும் சாம்பலும்தான். குத்துவிளக்கு வெளக்குற மாதிரி ஒவ்வொரு கண்ணியா வெளக்குனேன். அம்புட்டுக் கரி! கெணத்துத் தண்ணிய ஊத்தி அலசி, சந்தனம் குங்குமம் வச்சேன். பளபளன்னு இருந்துச்சு, நீயே பாத்தியே."

பார்த்தேன்தான். ஆனால் மாலையையும் பொட்டையும் பார்த்தேனே தவிர, சங்கிலியைப் பார்க்கவில்லை. அம்மா கரி என்று சொன்னது கிரீஸ். எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. புளி அரித்து, உப்பு ஊறி, விடுமுறை முழுவதும் தாழ்வாரச் சாரலில் நின்று அது செத்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் மினுங்குகிற பொருள் குத்துவிளக்கும் இந்த வண்டியும்தான். இரண்டுக்கும் அம்மா ஒரே மரியாதையைச் செய்துவிட்டாள்.

முக்குரோட்டுச் சைக்கிள் கடையில் தொடங்கினேன். அவர் ஒரு சைக்கிள் சங்கிலியை எடுத்து எஞ்சின் பல்சக்கரத்தில் மாட்டிப் பார்த்தார். பல் தடிமன்; சங்கிலி உள்ளே இறங்கவில்லை.

"ஊசிக் காதுல வடக்கயித்தக் கோக்கச் சொல்றீகளே டீச்சர்" என்றார்.

அங்கேயே நின்று ஸ்கேலை வைத்து அளந்தேன். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி சைக்கிள் சங்கிலியும் இதுவும் ஒன்று, அரை அங்குலம். அகலம்தான் வேறு. அப்படியானால் இது உலகத்தில் இந்த வண்டிக்கு மட்டுமே செய்த அதிசயமாக இருக்க முடியாது என்று தோன்றியது. தோன்றி என்ன செய்ய? கடையில் அதை யாரிடம் சொல்வது?

ராமநாதபுரத்தில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருந்த தெருவில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எந்த வண்டிக்கு?" பெயரைச் சொன்னதும் சிரிப்பார்கள். பையில் இருந்த பழைய சங்கிலியை நான் வெளியே எடுக்கும் முன்பே அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார்கள். கடைசிக் கடைக்காரர் மட்டும் கல்லாவில் சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்: "அந்தக் கம்பெனிக்கே பால் ஊத்திக் கருமாதியும் முடிஞ்சுபோச்சும்மா. நீ இன்னும் சங்கிலி தேடிக்கிட்டு இருக்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக் கரிசல் நனைந்தால் சக்கரத்தை விடாது. இருட்டோடு கிளம்பி மிதித்தேன். சில நாள் பிரார்த்தனையைப் பிடித்தேன். சில நாள் தேசிய கீதம் தெருவிலேயே காதில் விழுந்தது. முதுகெல்லாம் நனைந்த ரவிக்கையோடு ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். அந்த உள்ளூர்ப் பையன் ஒரு நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தாளாளர் அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனான்.

கமுதியில் ஒரு மெக்கானிக், வேறு ஏதோ சங்கிலியிலிருந்து இரண்டு கண்ணிகளை எடுத்து என் பழைய சங்கிலியோடு ஒட்டுப்போட்டுத் தந்தார். "மெதுவாப் போனா தாங்கும்" என்றார். மெதுவாகத்தான் போனேன். வெள்ளிக்கிழமை காலை, ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி ஏறும்போது ஒட்டு பிரிந்தது. இந்த முறை சங்கிலி கீழே விழவில்லை. பல்சக்கரத்துக்குள் சுருட்டிக்கொண்டு பின்சக்கரத்தை இறுக்கிவிட்டது. வண்டி நின்ற வேகத்தில் நான் முன்னால் போய் விழுந்தேன். பையிலிருந்த விடைத்தாள்கள் சேற்றில். முழங்கால் ரத்தத்தில் புடவை ஒட்டிக்கொண்டது. அறுந்து தொங்கிய சங்கிலித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை வேலிக்கருவைப் புதருக்குள் தள்ளிவிட்டு, செங்கல் ஏற்றிப் போன டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன்.

நான் போகும்போது ஆறாம் வகுப்பில் தாளாளரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தார். என் முழங்காலைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கெழம பிரார்த்தனைக்கு நீ இருந்தா, இரு. இல்லேன்னா அந்தப் பையன வரச் சொல்லிர்றேன். கோவிச்சுக்காத தாயி. ஒன்னையப் பாக்கப் பாவமாத்தான் இருக்கு. பாவம் பாத்தா பள்ளிக்கூடம் ஓடாது."

அன்று ராத்திரிச் சோற்றின்போது அம்மாதான் பேசினாள்.

"அபிராமத்துக்கு அங்கிட்டு, கண்மாய்க்குள்ள சங்கிலிக் கருப்பு கோயில் இருக்குல்ல. அங்கன மீன்காரரு ஒருத்தரு நேந்துக்கிட்டுப் போட்ட சங்கிலி தொங்குது. வண்டியோட லாரில மாட்டிப் பொழச்சாராம். அவரு வச்சிருந்ததும் நம்ம வண்டி மாதிரிதான். சத்தம் எனக்குத் தெரியும்."

அந்தக் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். உயிர் தப்பியவர்கள் இரும்புச் சங்கிலி நேர்ந்து போடுவார்கள். பழைய காலத்தில் கைவிலங்கு கனத்துக்குக் கொல்லனிடம் அடித்து வாங்கிப் போட்டார்கள். இப்போது மாட்டைக் கட்டிய சங்கிலி, கிணற்று வாளிச் சங்கிலி, விபத்தில் பிழைத்தவர்கள் வண்டிச் சங்கிலி. எல்லாம் ஓர் இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொங்கும். போட்டதை யாரும் திருப்பி எடுப்பதில்லை.

"சாமி பொருளக் கேக்கவா? நல்லா இருக்கு" என்றார் அய்யா.

"கேக்கத்தான சொல்றேன். களவாங்கவா சொன்னேன்?" என்றாள் அம்மா.

சனிக்கிழமை விடிந்ததும் மூவரும் போனோம். நான் சாமிக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் ஊருக்குப் பயந்தவர்களோடுதான் வாழ்கிறேன். பூசாரி மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், சேற்றுக் காலோடு வந்தார். கம்பியின் கடைசியில் அது தொங்கியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே அகலம், அதே கண்ணி. வாரா வாரம் விளக்கெண்ணெய் பூசிப் பூசிக் கருகருவென்று மின்னியது. கையெட்டும் தூரம்.

"இரவலாக் குடுங்கய்யா. இதவிடக் கனமா ஒரு சங்கிலி புதுசா வாங்கிப் போட்டுர்றேன்" என்றேன்.

பூசாரி சிரித்தார். "கருப்பு என்ன பழைய இரும்புக் கடையா வச்சிருக்கு, எடைக்கு எட மாத்த?"

"எனக்கு வேல போயிரும்யா."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? போட்டது அதுக்கு. அதுகிட்டயே கேட்ருவோம். வெள்ள வந்தா எடுத்துக்க. செவப்பு வந்தா தொடாத. சம்மதமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக ஆலிலையில் மடித்து நாரால் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. கையில் நேரம் இருந்திருந்தால் வாதாடியிருப்பேன்.

"சம்மதம்" என்றேன்.

எடுத்தேன். கட்டு இறுகியிருந்தது, நகத்தால் கிள்ளிப் பிரித்தேன். சிவப்பு.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இன்னொருவாட்டி கேட்டுப் பாக்கலாமா?" என்று அய்யா இழுத்தார். அடுத்தவரிடம் ஒன்றை இரண்டாம் முறை கேட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஒரே கேள்விய ரெண்டுவாட்டி கேட்டா ஒங்களுக்குக் கோவம் வராது?" என்றார் பூசாரி.

எனக்கு ஒரு கணம் தோன்றியது. இவர் வயலுக்குத் திரும்பிவிடுவார். கோயிலுக்குக் கதவு கிடையாது. கம்பியிலிருந்து கழற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒத்துக்கொண்டது என் வாய். நாளைக்கு இந்தக் கதை ஊருக்கு வரும். 'படிச்ச புள்ள சாமிகிட்டயே திருடிருச்சு' என்று வரும். இத்தனை வருஷம் நான் நிமிர்ந்து நடந்தது அதற்கல்ல.

"எடுக்கக் கூடாது. சரி. பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"கண்ணால பாக்க யாரக் கேக்கணும்?"

"எண்ணெயத் தொடைச்சுப் பாக்கணும்."

அவர் யோசித்துவிட்டு, தன் தோள் துண்டாலேயே ஒரு சாண் துடைத்துக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கண்ணியின் பக்கத் தகட்டில் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சடித்திருந்தது. 415. அடுத்த கண்ணியில் பார்க்கச் சொன்னேன். 415. கண்ணிக்குக் கண்ணி ஒரே எண் என்றால் அது சங்கிலியின் அளவெண்தான். என் சங்கிலித் துண்டைப் பையிலிருந்து எடுத்து அதே இடத்தில் தேடினேன். வழுவழுவென்று இருந்தது. அம்மாவின் புளியும் சாம்பலும் போக மிச்சத்தைத் துரு தின்றிருந்தது.

"வாங்கய்யா, பஸ்ஸு போயிரும்" என்றேன் அய்யாவிடம். பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிட்டுவிட்டு ஓடினேன்.

பரமக்குடியில் பஸ் மாறி ராமநாதபுரம் போய் இறங்கும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. பால் ஊற்றிய அதே கடைக்காரர் கடையைச் சாத்தப் பாதிக் கதவை இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே நுழைந்தேன்.

"எந்த வண்டிக்கும்மா?" என்றவர், என் முகம் அடையாளம் தெரிந்ததும், "அட, மறுபடியுமா?" என்றார்.

"வண்டிய விடுங்கண்ணே. சங்கிலி நம்பர் நானூத்திப் பதினஞ்சு. இருக்கா?"

நெற்றியைச் சுருக்கினார். உள்ளே போனார். பெட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. வேறு கம்பெனிப் பெயர் போட்ட ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். "இது மூட்ட ஏத்துற வண்டிக்கு வாரது. ஒன் வண்டிக்கு எப்படி..."

நான் என் சங்கிலித் துண்டை அதன் பக்கத்தில் வைத்தேன். கண்ணிக்குக் கண்ணி சேர்ந்து படுத்தது.

"போன தடவையே இத எடுத்துக் காட்டிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"நீங்கதான் கருமாதி வரைக்கும் போயிட்டீகளே."

வெளியே நின்ற அய்யா சிரித்த சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் அந்தச் சங்கிலி நீளம். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓடையிலிருந்து டயர் மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, சிக்கியிருந்த பழையதின் மீதியை வெட்டி எடுத்தோம். புதியதில் அதிகப்படியான கண்ணிகளை நீக்க வேண்டும். ஒன்று கூடுதலாக நீக்கிவிட்டால் முடிந்தது கதை. கடை ஞாயிறு லீவு. "பழசப் பக்கத்துல வச்சு அளந்து வெட்டு" என்றார் அய்யா. பழசு தேய்ந்து நீண்டிருந்தது, வழியில் கண்ணிகளும் தொலைந்திருந்தன. அதை நம்ப முடியாது. பின்சக்கரத்தை முன்னால் தள்ளி, புதியதை இரண்டு பல்சக்கரத்திலும் சுற்றி இழுத்துப் பிடித்து, சந்திக்கும் கண்ணியில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிரித்து மறுபடி சுற்றினேன். கோடு அதே இடத்தில் வந்தது. அம்மிமேல் வைத்து ஆணியால் தட்டினேன். கண்ணியைக் கோத்திருந்த ஊசி வெளியே வந்து விழுந்தபோது அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இணைப்புக் கண்ணியை மாட்டி, பூட்டுத் தகட்டை அழுத்தினேன். கிரீஸை நானே அப்பினேன். அம்மா தள்ளி நின்று, "அம்புட்டுக் கரியா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை வானம் மூடியிருந்தது. ஓடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். தண்ணீர் வெள்ளியன்று இருந்ததைவிடக் கூடுதல். சங்கிலி தண்ணீரைத் தொட்டுச் சிதறடித்தது. காதை அதிலேயே வைத்துக்கொண்டு ஏறினேன். ஒரே சீரான சத்தம். மேட்டுக்கு ஏறியபின்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பள்ளி வாசலில் நான் ஸ்டாண்டு போட்டபோது மணி அடிக்க ஆள் போய்க்கொண்டிருந்தான். இஸ்திரிச் சட்டைப் பையன் தாளாளர் அறை வாசலில் நின்றிருந்தான். பிரார்த்தனை வரிசையில் ஆறாம் வகுப்புக்கு முன்னால் போய் நின்றேன். கையில் கிரீஸ் போகவில்லை, முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

பிரார்த்தனை முடிந்ததும் தாளாளர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். என்னிடம் வந்து, "சரி. ஆறாப்பு ஒனக்குத்தான்" என்றார்.

வராந்தாக் கடைசியில் பத்தாம் வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. அவர்களுடைய கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

"இன்னிக்கு முதல் பாடம் எனக்கு ஓய்வுதான். அதையும் நானே எடுக்குறேன் சார்" என்றேன்.

"பத்தாப்பையா? அவசரப்படாத. தலைமையாசிரியர் கிட்டக் கேட்டுச் சொல்றேன்."

அவர் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, பத்தாம் வகுப்பு அமைதியாக இருந்தது. நான் பலகையைத் துடைத்து முக்கோணம் ஒன்று வரைந்து, மூன்று முனைக்கும் பெயர் எழுதி முடித்திருந்தேன்.